இரண்டு மணிக்குப் பிறகு: உண்மைக் கதையில் முரணையும் முரண்நகையையும் அடையாளம் காண்பது

மட்டக்களப்பில், கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடி வாசிப்போம். எல்லாரும் உயர்தரம் படிக்கிறவர்கள். இந்த முறை எடுத்துக்கொண்டது 1996ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலையில் நடந்த அனர்த்தத்தின் கதை. கடல் மட்டத்தை விட்டு நாலைந்து அடிகூட உயராத ஊரில் இருந்துகொண்டு 8,848 மீற்றர் மலையைப் பற்றி வாசிக்கிறோம். பனியைக் கண்ணால் கண்டவர் எங்களில் ஒருவரும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் அந்தக் கதையை விடவில்லை. இருட்டின பிறகும் போகாமல் இருந்து வாசித்தார்கள்.

முரண்நகை வருகிற இடங்களைப் பக்க ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்லியிருந்தேன். அடுத்த கிழமை ஒவ்வொரு பிரதியாக வாங்கிப் பார்த்தேன். ஒரு மாணவி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே சிக்கிக்கொண்ட மலையேறி தன் மனைவியோடு கடைசியாகப் பேசுகிற இடத்தில் 'முரண்நகை' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தாள்.

"ஏன் மகள் இது முரண்நகை?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "சரியான கவலையாக் கிடக்கு டீச்சர். அதான்."

அவள் உண்மையைத்தான் சொன்னாள். மனம் கலங்குகிற இடமெல்லாம் முரண்நகைபோலத் தோன்றுவது பலருக்கும் உள்ளதுதான். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று அன்று விறாந்தையில் பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். முரண் என்றால் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் நிற்பது. அதோடு நகை சேர்ந்தால் முரண்நகை. இந்த நகை பிள்ளைகளைக் குழப்புகிறது, சிரிப்பு வர வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். தமிழ்ப் பாடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி படித்திருப்பதும் ஒரு காரணம். தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, பளபளவென்று இருப்பதைப் புகழ்ந்தார். அதியமானுடைய ஆயுதங்களோ போரிட்டு முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். புகழ்ச்சிக்குள் இருந்தது இகழ்ச்சி. அங்கே பேசுகிறவர் தெரிந்தே முரணை வைக்கிறார். கேட்கிறவர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் சிரிக்கலாம்.

உண்மையில் நடந்த அனர்த்தத்தில் முரணை யாரும் வைப்பதில்லை. அது நடந்தவற்றுக்குள் தானாக வந்து கிடக்கிறது. அங்கே சிரிப்பும் இல்லை.

எங்கள் கரையில் இதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. கடலுக்குப் போகிற ஆள் திரும்பி வரும்வரை வீட்டில் இருக்கிறவர்களுக்கு நெஞ்சிடிதான். கடல்தான் ஆபத்து, வீடுதான் பத்திரம். தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தது அது. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழ்கடலில் நின்ற வள்ளங்களுக்குக் கீழே அந்த அலை போனதே பலருக்குத் தெரியவில்லை. ஆழமான தண்ணீரில் சுனாமி அலை நீண்டு, தாழ்ந்து போகும். கரைக்குக் கிட்ட வரும்போதுதான் எழும்பும். கடலில் நின்றவர்கள் தப்பினார்கள். நாவலடியில், டச்பாரில், கல்லடியில் வீட்டில் இருந்தவர்களைத்தான் அது கொண்டுபோனது. பத்திரம் என்று நம்பிய இடமே அழிவாகவும், ஆபத்து என்று நம்பிய இடமே உயிர் காத்ததாகவும் ஆனது. இது முரண்நகை.

சுனாமியில் ஒருவர் இறந்தார் என்பது துயரம். வீதியால் போன ஒருவர்மேல் மரம் விழுந்தது விபத்து. கடலுக்குப் போன கணவனுக்காகப் பயந்துகொண்டு வீட்டில் இருந்த பெண்ணை அந்த வீட்டுக்கே கடல் வந்து கொண்டுபோனதென்றால், அதில் துயரத்தோடு இன்னொன்றும் இருக்கிறது: அவள் நம்பியதும் நடந்ததும் நேர் எதிராக நிற்கின்றன. இதைவிடச் சின்னதாக ஒன்று வேண்டுமென்றால், வெள்ள காலத்தைப் பாருங்கள். முற்றம் முழுக்கத் தண்ணீர், வாவி நிரம்பி வழிகிறது, ஆனால் கிணறு கெட்டுப்போனதால் ஒரு வாளி குடிதண்ணீருக்கு நாங்கள் பவுசருக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறோம்.

ஆகவே முரண்நகைக்கு இரண்டு பாதி வேண்டும். ஒருவர் முன்பு நம்பியது, சொன்னது, திட்டமிட்டது ஒரு பாதி. பிறகு நடந்தது மற்றப் பாதி. இரண்டும் எதிரெதிராகத் திரும்பியிருக்க வேண்டும். இதோடு இன்னுமொன்று: நடுவில் ஒரு தெரியாமை. அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று பின்னால் வாசிக்கிற எங்களுக்குத் தெரிந்திருக்கும். பென்சிலை எடுக்கும்போது இந்தத் தெரியாமையைத்தான் தேட வேண்டும்.

சரி, மலைக்கு வருவோம்.

1996 மே 10ஆம் திகதி, நேபாளப் பக்கத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் எவரெஸ்ட் உச்சியை நோக்கி ஏறினார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டு குழுக்களைச் சேர்ந்தவர்கள். ஒரு குழுவுக்கு நியூசிலாந்தைச் சேர்ந்த ரொப் ஹோல் தலைவர், மற்றதற்கு அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்கொட் பிஷர். இரண்டும் காசு கட்டி வருகிறவர்களை உச்சிக்கு அழைத்துப் போகும் குழுக்கள். கூடவே வழிகாட்டிகளும், மலையேற்றத்தில் துணை செய்கிற உள்ளூர் மலைவாசிகளான ஷெர்பாக்களும். பின்னேரம் புயல் வந்தது. அன்றும் மறுநாளும் மலையின் இரு பக்கமுமாக எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். ஹோல், பிஷர் இருவரும் அதில் அடக்கம். வடக்குப் பக்கத்தில் இறந்த மூவர் இந்திய–திபெத்திய எல்லைக் காவல் படையைச் சேர்ந்தவர்கள்.

மலையேறுகிறவர்கள் திரும்பும் நேரம் என்று ஒன்று வைத்துக்கொள்வார்கள். அந்த மணிக்கு எங்கே நின்றாலும், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், திரும்பிவிட வேண்டும். ஏறுவதற்குக் கொண்டுபோன ஒக்சிசனும் உடம்பின் சக்தியும் பகல் வெளிச்சமும் இறங்குவதற்கும் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விதி. ஹோல் இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர் என்று பெயர் பெற்றவர். 1990 தொடக்கம் 1995 வரை 39 பேரை உச்சிக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக இறக்கிய குழு அவருடையது.

1995இல் அவர் குழுவில் வந்தவர் டக் ஹான்சன். அமெரிக்காவில் தபால் கந்தோர் ஊழியர். இராவில் தபால் வேலை, பகலில் கட்டட வேலை என்று உழைத்துக் காசு சேர்த்தவர். அந்த வருடம் உச்சிக்குக் கிட்டத்தட்ட 100 மீற்றர் கீழே நின்றபோது நேரம் போய்விட்டதென்று ஹோல் அவரைத் திருப்பினார். சரியான முடிவு. ஹான்சன் உயிரோடு ஊருக்குப் போனார்.

அந்தச் சரியான முடிவே இருவருக்கும் பாரமாகிவிட்டது. ஹான்சனை அவ்வளவு கிட்டப் போய்த் திருப்பியது ஹோலின் மனதை அரித்தது. பலமுறை தொலைபேசியில் பேசி, கட்டணத்தைக் குறைத்து, திரும்ப வரச்சொல்லி அழைத்தார். ஹான்சனின் ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகள் டீ-சேர்ட் விற்றுக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். 1996இல் அவர் திரும்ப வந்தார்.

மே 10 விடியும்முன், ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், ஹான்சன் வரிசையை விட்டு விலகி நின்றார். குளிருகிறது, உடம்பு சரியில்லை, இறங்கப்போகிறேன் என்று கூட வந்த ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த ஹோல் அவர் பக்கத்தில் நின்று ஏதோ பேசினார். ஹான்சன் திரும்பவும் வரிசையில் சேர்ந்து ஏறினார். பேசியது என்னவென்று எவருக்கும் தெரியாது. பேசிய இருவருமே திரும்பவில்லை.

இந்த வரியை வாசித்துவிட்டு விறாந்தையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தியே ஹோல் உச்சியைத் தொட்டார். அது அவருடைய ஐந்தாவது முறை. திரும்பும் நேரம் கடந்துவிட்டது. ஹான்சன் இன்னும் வந்து சேரவில்லை. ஹோல் காத்திருந்தார். ஹான்சன் உச்சிக்கு வந்தபோது நாலு மணி தாண்டிவிட்டது. இருவரும் இறங்கத் தொடங்கினார்கள். ஹான்சனின் ஒக்சிசன் முடிந்து அவரால் நகர முடியாமல் போனது. ஹோல் அவரை விட்டுவிட்டு இறங்கவில்லை. புயல் பிடித்துக்கொண்டது.

இங்கேதான் நான் பிள்ளைகளிடம் பென்சிலைக் கொடுத்து, "முதல் பாதி எந்தப் பக்கத்தில் கிடக்கிறது, தேடிப் பாருங்கள்" என்றேன். பெரும்பாலானவர்கள் நாலு மணிப் பக்கத்தையே புரட்டினார்கள். முதல் பாதி அங்கே இல்லை, ஒரு வருடம் முந்திய பக்கத்தில் இருக்கிறது. 1995இல் விதியைக் காப்பாற்றியதுதான் 1996இல் அதே மனிதர், அதே ஆளுக்காக, அதே விதியை விடுவதற்குக் காரணமாக வந்து நிற்கிறது. கண்டிப்பில்லாத ஒரு தலைவருக்கு இது நடந்திருந்தால் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஹோலுக்கு நடந்ததால்தான் முரண்நகை.

இன்னுமொரு பக்கமும் உண்டு, அதைக் கண்டுபிடித்தவன் வகுப்பில் ஆகச் சின்னவன். அனர்த்தத்துக்குச் சில நாட்களுக்கு முன் கொறான் குரொப் என்ற சுவீடன்காரர் தனியே உச்சியை நோக்கிப் போனார். சுவீடனிலிருந்து சைக்கிளில் நேபாளம் வந்தவர் அவர். உச்சிக்குச் சுமார் 100 மீற்றர் இருக்கையில், நேரம் போய்விட்டதென்று தன்னந்தனியாக முடிவெடுத்துத் திரும்பினார். அதைக் கேட்ட ஹோல் மிகவும் மெச்சிப் பேசியிருக்கிறார். அவ்வளவு கிட்டப் போய்த் திரும்புவதற்குப் பெரிய நிதானம் வேண்டும் என்ற பொருளில். அதைச் சொன்னபோது ஹோலுக்கு ஒரு கிழமை கழித்து என்ன நடக்கும் என்று தெரியாது. எங்களுக்குத் தெரியும். அதனால்தான் சாதாரணமான ஒரு பாராட்டு வாசிக்கிறவர் தொண்டையை அடைக்கிறது. குரொப் அதே மாதம் 23ஆம் திகதி திரும்பப் போய் உச்சியைத் தொட்டார். ஒக்சிசன் போத்தல் இல்லாமலே.

அப்புறம் வானம். அன்று மத்தியானம் உச்சியில் வெயில். கீழே பள்ளத்தாக்குகளில் மேகம் திரண்டிருந்தது, மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது பஞ்சுபோலத்தான் தெரிந்தது. ஏறியவர்களில் ஒருவர் விமானம் ஓட்டிப் பழகியவர். இடிமுகிலை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. 1978 நவம்பர் சூறாவளியைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதும் இதே மாதிரித்தான். காற்று ஒரேயடியாக நின்றதும், முடிந்தது என்று கதவைத் திறந்தவர்கள் உண்டு. சூறாவளியின் கண் கடக்கிற நேரம் அது, மறுபக்கக் காற்று இனித்தான் வரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அமைதிதான் ஆபத்தின் நடு. கதையைச் சொல்கிறவர் இதை முரண்நகை என்று எழுதிவைப்பதில்லை. 'வெயில் அடித்தது' என்று மட்டும் எழுதியிருப்பார். மிச்சம் வாசிக்கிறவருடைய வேலை.

இனி முரணைத் தனியாகப் பார்ப்போம், ஏனென்றால் இது வேறு சாமான்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே தென்னுச்சி என்ற இடத்தில் ஒக்சிசன் போத்தல்கள் வைக்கப்பட்டிருந்தன. மேலே ஹோலும் ஹான்சனும் ஒக்சிசனுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, தென்னுச்சியில் நின்ற வழிகாட்டி அண்டி ஹரிஸ் அங்குள்ள போத்தல்கள் எல்லாம் வெறுமை என்று ரேடியோவில் சொன்னார். அதே ரேடியோவில், இல்லை, நிறைந்த போத்தல்கள் இருக்கின்றன என்று இன்னொருவர் சொன்னார். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. இதுதான் முரண். இரண்டு கூற்று, ஒன்று பிழை. எது சரி என்று கேட்கலாம். விடையும் கிடைத்தது: நிறைந்த போத்தல்கள் அங்கே இருந்தன.

ஏன் அவர் அப்படிச் சொன்னார்? அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கிற ஒக்சிசன் கடல் மட்டத்தில் கிடைப்பதன் மூன்றிலொரு பங்குதான். அது குறைந்தால் மூளை குழம்பும். குழம்பியிருக்கிறது என்பதும் மூளைக்குத் தெரியாது. ஒக்சிசன் குறைந்ததால் குழம்பிய மனிதர், கைக்கெட்டும் இடத்தில் இருந்த ஒக்சிசனை இல்லை என்றார். போத்தல் நிறைந்திருந்ததா வெறுமையா என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. அது தீர்ந்த பிறகு மிச்சமாக நிற்பது முரண்நகை. முரணுக்கு ஆதாரம் கிடைத்தால் ஒரு பக்கம் விழுந்துவிடும். முரண்நகையில் இரண்டு பக்கமும் உண்மை. எந்த ஆதாரம் வந்தாலும் எதுவும் விழாது. இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்தால் வாசிப்பில் பாதிக் குழப்பம் தீரும் என்று நான் நினைக்கிறேன்.

ஹரிஸ் தன்னால் முடியாத நிலையிலும் ஹோலுக்கு உதவி செய்ய மேலே திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. அவருடைய கதையில் இன்னொரு முரண் கிடக்கிறது. ஹோலின் குழுவில் ஒரு பத்திரிகையாளரும் இருந்தார், பிறகு இந்தக் கதையை எழுதியவர். உச்சியிலிருந்து இறங்கி வரும்போது முகாமுக்குக் கொஞ்சம் மேலே ஹரிஸைக் கண்டதாகவும், அவரோடு பேசியதாகவும் அவர் உறுதியாகச் சொன்னார். அதை ஹரிஸின் குடும்பத்துக்கும் சொன்னார்கள். முகாமுக்கு அவ்வளவு கிட்ட வந்தும் வழி தவறி விழுந்துவிட்டார் என்று குடும்பம் நம்பியது. ஆனால் மறுநாள் விடிய ஹோல் ரேடியோவில் பேசும்போது, ஹரிஸ் இரவு தன்னோடு இருந்தார் என்ற பொருள்படச் சொல்லியிருந்தார். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது.

பின்னர் அந்தப் பத்திரிகையாளரே விசாரித்துக்கொண்டு போனார். தான் பேசியது ஹரிஸோடு அல்ல, மற்றக் குழுவில் வந்த வேறொருவரோடு என்று கண்டுபிடித்தார். முகமூடி, கண்ணாடி, தடித்த உடுப்பு, புயல், களைப்பு. யார் யாரென்று அடையாளம் தெரியாத நேரம். தன் பிழையை அவரே வெளிப்படையாக எழுதினார். ஹரிஸின் பனிக்கோடரி தென்னுச்சியில் ஹோலின் உடலுக்குப் பக்கத்தில் கிடந்ததும் தெரியவந்தது. அதாவது ஹரிஸ் வழி தவறியவர் அல்ல, மற்றவர்களைத் தேடி மேலே போனவர்.

இதை வாசித்துவிட்டு ஒரு மாணவன் கேட்டான்: "அப்ப அவர் சொன்ன மத்ததையெல்லாம் எப்பிடி டீச்சர் நம்புற?" நல்ல கேள்வி. நான் சொன்னது இதுதான். இரண்டு பேர் சொல்வது முரண்பட்டால் உடனே ஒருவரைப் பொய்யர் ஆக்காதீர்கள். சொல்கிறவர் எங்கே நின்றார், அங்கிருந்து என்ன தெரியும், அப்போது அவர் உடம்பு எந்த நிலையில் இருந்தது, எவ்வளவு காலம் கழித்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். உண்மை சொல்ல விரும்பிய மனிதரும் பிழையாகச் சொல்லலாம். தன் பிழையைத் தேடிப் போய்த் திருத்திய ஒருவருடைய மற்ற வரிகளை நான் கூடுதலாகத்தான் நம்புவேன்.

தீராத முரண்களும் உண்டு. பிஷரின் குழுவில் வழிகாட்டியாக இருந்தவர் கசகஸ்தானைச் சேர்ந்த அனதோலி புக்ரீவ். மிகத் திறமையான மலையேறி. அன்று ஒக்சிசன் போத்தல் பாவிக்காமல் ஏறினார், தன் குழுவினருக்கு முன்பே முகாமுக்கு இறங்கிவிட்டார். வழிகாட்டி தன் ஆட்களை விட்டு முன்னால் இறங்கலாமா என்று கடுமையாகக் குற்றம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். தேவையென்றால் தேநீரோடும் ஒக்சிசனோடும் திரும்ப மேலே வர ஆயத்தமாக இருப்பதற்கே இறங்கினேன், தலைவர் பிஷர் அதை ஏற்றுக்கொண்டார் என்பது புக்ரீவ் சொன்னது. பிஷரிடம் கேட்கலாம் என்றால் அவர் மலையிலேயே இறந்துவிட்டார்.

நடந்தது என்னவென்றால், இரவில் புயலுக்குள் வழி தெரியாமல் முகாமுக்குச் சில நூறு மீற்றர் தூரத்தில் ஒடுங்கிக் கிடந்தவர்களைத் தேடித் தனியே போனவர் புக்ரீவ்தான். மூன்று பேரைக் கொண்டுவந்து சேர்த்தார். ஆட்களை விட்டு முதலில் இறங்கியவர் என்ற குற்றச்சாட்டும், ஆட்களைத் தேடித் திரும்பப் போனவர் என்ற பெருமையும் ஒரே மனிதருக்கு. முதலில் இறங்கி ஓய்வெடுத்ததால்தான் பிறகு போகச் சக்தி இருந்தது என்பவர்கள் ஒரு பக்கம். அவர் கூடவே நின்றிருந்தால் தேடும் தேவையே வந்திருக்காது என்பவர்கள் மறுபக்கம். அடுத்த வருடம் அமெரிக்க மலையேறிகள் சங்கம் அந்த மீட்புக்காக அவருக்கு விருது கொடுத்தது. அதே வருட முடிவில் அன்னபூர்ணா மலையில் பனிச்சரிவில் அவர் இறந்தார். இதற்கு விடை எழுதச்சொல்லி நான் பிள்ளைகளை நெருக்குவதில்லை. இரண்டு பக்கத்தையும் நேர்மையாக எழுதிவிட்டு, தீர்க்கக்கூடிய சாட்சி இறந்துவிட்டது என்றும் எழுதினால் அதுவே நல்ல விடை.

பெக் வெதர்ஸின் கதையை வாசித்தபோது பிள்ளைகள் வரிக்கு வரி குறிக்கத் தொடங்கினார்கள். டெக்சஸைச் சேர்ந்த மருத்துவர் அவர். கிட்டப்பார்வையைத் திருத்தக் கண்ணில் சத்திர சிகிச்சை செய்திருந்தார். அந்த வகைச் சிகிச்சை செய்த கண்ணில், மலை உயரத்தில் பார்வை மங்கிவிடலாம். நன்றாகப் பார்ப்பதற்கென்று செய்ததே மலையில் அவரைக் குருடாக்கியது. சரி, இது முரண்நகை. தான் திரும்பி வரும்வரை அந்த இடத்தை விட்டு அசைய வேண்டாம் என்று ஹோல் சொல்ல, வெதர்ஸ் வாக்குக் கொடுத்தார். இறங்கிப் போனவர்கள் கூப்பிட்டபோதும் வாக்கைக் காப்பாற்றிப் பல மணி நேரம் குளிரில் நின்றார். ஹோல் திரும்பவில்லை. பாதுகாப்புக்கென்று வாங்கிய வாக்கே அவரைச் சாவுக்குக் கிட்டக் கொண்டுபோனது. இதுவும் அப்படித்தான்.

மறுநாள் காலை அவரும் ஜப்பானைச் சேர்ந்த யசுகோ நம்பாவும் மூச்சு மட்டும் இருக்கிற நிலையில் காணப்பட்டார்கள். பிழைக்க மாட்டார்கள் என்று முடிவெடுத்து, தேடிப் போனவர்கள் அவர்களை விட்டுவிட்டு வந்தார்கள். வெதர்ஸ் இறந்துவிட்டார் என்று வீட்டுக்கும் செய்தி போனது. பின்னேரம் அவர் தானாக எழும்பி நடந்து முகாமுக்குள் வந்தார். வலக்கையை முழங்கைக்குக் கீழே இழந்தார், இடக்கை விரல்களையும் மூக்கையும் இழந்தார், உயிர் பிழைத்தார். உச்சியைத் தொட்டு ஏழு கண்டங்களின் சிகரங்களையும் முடித்த யசுகோ நம்பா, முகாமுக்குச் சில நூறு மீற்றரில் இறந்தார். அவருக்கு வயது 47.

யசுகோ நம்பாவின் பெயருக்குப் பக்கத்திலும் ஒருவன் முரண்நகை என்று குறித்திருந்தான். அதில் நான் கொஞ்சம் தயங்கினேன். 'எல்லாச் சிகரமும் ஏறியவர் கூடாரத்துக்குக் கிட்ட இறந்தார்' என்பது நெஞ்சை உலுக்குகிற எதிர்நிலைதான். ஆனால் அதை எழுதும்போது அவரை ஒரு அணிக்கு உதாரணமாக மட்டும் ஆக்கிவிடக் கூடாது. நாவலடியில் போனவர்களை யாராவது அப்படி எழுதினால் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குறிப்பை அழிக்கச் சொல்லவில்லை. அவர் பெயரையும் வயதையும் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

முரண்நகையைக் கண்டுபிடித்ததும் வருகிற இன்னொரு ஆசை, தீர்ப்புச் சொல்வது. 'பேராசை, அதுதான் இப்படி' என்றோ 'விதி' என்றோ எழுதிவிடுவது. இரண்டும் யோசிப்பதை நிறுத்திவிடும். அன்று காலை பதினொன்றரை மணியளவில் ஹோலின் குழுவைச் சேர்ந்த மூன்று பேர், உச்சிக்கு இன்னும் மூன்று மணி நேரம் ஆகும் என்று கேட்டு, கணக்குப் போட்டுத் திரும்பினார்கள். அவர்களும் பெருந்தொகை கட்டியவர்கள், அவர்களுக்கும் ஆசை இருந்தது. கயிறுகள் முன்கூட்டியே கட்டப்படாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்றது, ஒரே நாளில் அத்தனை பேர் ஏறியது, திரும்பும் நேரம் ஒரு மணியா இரண்டு மணியா என்று தீர்மானமாகச் சொல்லப்படாதது என்று காரணங்கள் கையால் தொடக்கூடியவையாகக் கிடக்கின்றன. விதி என்று எழுதினால் கயிறு மறைந்துவிடும்.

திரும்பியவர்களை ஏன் நாங்கள் ஞாபகம் வைத்திருப்பதில்லை என்று ஒரு பிள்ளை கேட்டாள். அப்போதுதான் எங்கள் நாட்டுக் கதையைச் சொன்னேன். 2016 மே மாதம் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் இலங்கையர் ஆனார். அவரோடு போன ஜொஹான் பீரிஸ் அந்த முறை சுமார் 8,400 மீற்றரில், ஒக்சிசன் பிரச்சினையால் திரும்ப வேண்டி வந்தது. 2018இல் திரும்பப் போய் உச்சியைத் தொட்டுப் பத்திரமாக இறங்கினார். ஹான்சனின் கதையும் இதுவும் ஒரே மாதிரித் தொடங்குகின்றன: கிட்டப் போய்த் திரும்பியது, மனதில் கிடந்தது, மறுபடி போனது. இரண்டாவது கதை தெரிந்த பிறகு, ஹான்சன் திரும்ப வந்ததே பிழை என்று யாரும் எழுதவில்லை. பிழை எந்த மணிக்கு நடந்தது என்று தேடத் தொடங்கினார்கள்.

கடைசியாக அந்த மாணவி இரண்டு கோடு போட்ட இடத்துக்குத் திரும்பினோம். மே 11 பின்னேரம். ஹோல் தென்னுச்சியில் அசைய முடியாமல் இருக்கிறார். அவரை மீட்கக் கிளம்பிய ஷெர்பாக்கள் காற்றில் ஏற முடியாமல் திரும்பிவிட்டார்கள். அடிவார முகாமிலிருந்து நியூசிலாந்தில் இருந்த மனைவி ஜான் ஆர்னல்டை ரேடியோவோடு இணைத்தார்கள். அவர் ஏழு மாதக் கர்ப்பிணி. பிறக்கப்போகும் பிள்ளைக்கு சாரா என்று பெயர் வைப்பதைப் பற்றிப் பேசினார்கள். ஹோல் மனைவியிடம், அதிகம் கவலைப்பட வேண்டாம் என்று சொன்னார்.

"இதில நீ எதைக் குறிச்ச, மகள்?"

"கவலைப்பட வேணாம் எண்டு அவர் சொல்றார். ஆனா அவருக்கு என்ன நடக்கப்போகுதெண்டு நமக்குத் தெரியும்தானே டீச்சர்."

"அவருக்குத் தெரியாதா?"

யோசித்தாள். "தெரியும்."

"அவக்கு?"

பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். ஜான் ஆர்னல்டும் மலையேறி. 1993இல் கணவரோடு எவரெஸ்ட் உச்சிக்கே ஏறியவர். தென்னுச்சி எங்கே இருக்கிறது, அங்கே ஓரிரவு கிடந்தவருக்கு என்ன ஆகும், அங்கே யார் வந்து சேர முடியும், எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியும் என்பது ஹோலுக்கும் தெரியும். அந்த நேரத்தில் அந்த ரேடியோவின் இரு முனையிலும் தெரியாமை என்று ஒன்று இல்லை.

அவள் அந்த வரியைத் திரும்ப ஒருமுறை மெதுவாக வாசித்தாள். அப்புறம் அழிறப்பரை எடுத்து, தாள் கிழியாமல், இரண்டு கோட்டையும் அந்தச் சொல்லையும் அழித்தாள்.